நாமும் நாங்களும்: 'ஆம்ரா' பாடலும் தமிழ்ப் பெருமித மரபும்

தன் இனத்தின் மரபுச் சிறப்பைப் பொதுவிடத்தில் எடுத்துரைத்தல் இனவாதமாகுமா என்னும் வினாவுக்கு இருவகை விடைகளே பெரும்பாலும் தரப்படுகின்றன. பெருமை பேசுதல் எவ்வினத்துக்கும் பிறப்புரிமை என்பது ஒன்று. இனப்பெருமை எவ்வடிவில் வெளிப்பட்டாலும் அது பிறரைத் தாழ்த்துவதிலேயே சென்று முடியும் என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் பேசப்படும் பொருளை மட்டும் நோக்குகின்றனவேயன்றி யார், யாரிடத்து, எச்சூழலில் பேசுகிறார் என்பதை நோக்குவதில்லை. தமிழ் இலக்கண மரபோ இச்சூழலையே முதன்மைப்படுத்தியுள்ளது. அம்மரபின் துணைகொண்டு வங்கமொழியின் புகழ்பெற்ற இனப்பெருமிதப் பாடலொன்றையும் தமிழ்க் காப்பியப் பகுதியொன்றையும் ஒருங்குவைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வங்கப் பாடல் சத்தியேந்திரநாத் தத்தர் (1882–1922) இயற்றிய 'ஆம்ரா'. வங்கப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக மனனம் செய்துவரும் பாடல் அது. புலியோடு பொருதும் பாம்போடு விளையாடியும் வாழ்பவர் வங்காளியர். இராமனின் முன்னோரோடு போரிட்டது அவர்தம் படை. திபெத்துக்கு ஞானவிளக்கு ஏந்திச் சென்றவர் அவருள் ஒருவராகிய அதீசர். இலங்கையை வென்று அதற்குச் சிங்களம் என்னும் பெயரை விட்டுச்சென்றவன் அவர்தம் மகன் விஜயசிம்மன். பாடல் இவ்வாறு அடுக்கிக்கொண்டு செல்கிறது. தென்கொல்கத்தாவின் பாலிகஞ்ச், லேக் மார்க்கெட் பகுதிகளில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் வங்கப் பள்ளிகளில் இப்பாடலைப் பயிலும் நிலை உண்டு. இலங்கையை வென்ற செய்தி வங்கச் சிறுவன் செவியில் விழுவதுபோல் தமிழ்ச் சிறுவன் செவியில் விழாது.

தலைப்பே மொழிபெயர்ப்பாளனுக்கு இடர் தருவது. 'ஆம்ரா' என்பது தன்மைப் பன்மை. கேட்போனை உட்படுத்தியும் படுத்தாதும் வங்கமொழியில் அவ்வொரு சொல்லே வழங்கும். தமிழிலோ 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தொல்காப்பியம் தன்மைப் பன்மை வினை ஈறுகளைக் கூறுமிடத்து, முன்னிலையாரை உளப்படுத்துவனவும் படர்க்கையாரை உளப்படுத்துவனவும் வெவ்வேறு என உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவர். பெருமை பேசும் பாடலொன்றின் அறம், பெருமளவு, அது கேட்போனை எங்கே நிறுத்துகிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

நன்னூலார் வகுத்த இடங்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகப் பெருமிதத்தைக் கொண்டு, அது பிறக்கும் களன்கள் நான்கு என வகுக்கிறது. கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை என அவற்றை இற்றைத் தமிழில் குறிக்கலாம். இந்நான்கும் ஒருவன் தன் முயற்சியால் ஈட்டத்தக்கவை. பிறந்த குடியோ, நிறமோ, மண்ணோ இப்பட்டியலில் இல்லை. பழந்தமிழர் குடிப்பிறப்பைப் போற்றவில்லை என்று இதனைக் கொண்டு கூறிவிட இயலாது. அவ்வியலிலேயே தலைமக்களின் ஒப்புமையைக் கூறுமிடத்துப் பிறப்பும் குடிமையும் இடம்பெறுகின்றன. புறநானூற்று மூதின்முல்லைப் பாடல்கள் குடிப்பெருமையாலேயே உயிர்பெறுகின்றன. ஆயினும் பெருமிதம் என்னும் உணர்வுக்கு அடிப்படை கூறவந்த இடத்தில் தொல்காப்பியர் பிறப்பை விடுத்தமை கருதத்தக்கது.

நன்னூல் இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. துறைபல கற்றுத் தேர்ந்து அரியன படைத்தவனாயினும் தன்னைத்தான் புகழ்தல் தகாது என்பது பவணந்தியாரின் பொதுவிதி. அதற்கு அவர் புறனடையாக நான்கு இடங்களைக் காட்டுகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இவ்விதி தனிப்புலவனுக்குக் கூறப்பட்டது. அதனை ஓரினத்துக்கு ஏற்றிக் கூறுதல் விதியை விரித்துக்கொள்வதேயாகும். ஆயினும் அவ்விரிவு பயனுடையது. அறியாமையும் பழிப்பும் எதிர்நிற்கும்போது பெருமை பேசுதல் தகும். அவை இல்லாவிடத்துத் தகாது என்பதே இதன் உட்கிடை.

இனிப் புறப்பொருள் வெண்பாமாலை. கவரப்பட்ட ஆநிரையை மீட்கும் கரந்தைப் படலத்தில் 'நெடுமொழி கூறல்' என்றொரு துறை உண்டு. பிறர்நாட்டின்மேற் படையெடுக்கும் வஞ்சிப் படலத்திலும் 'நெடுமொழி வஞ்சி' என்றொரு துறை உண்டு. வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைத்தலே இரண்டினும் பொருள். ஆயினும் ஒருவன் இழந்ததை மீட்கச் செல்லுகையில் பேசுகிறான். மற்றவன் பிறர்மண்ணைக் கொள்ளச் செல்லுகையில் பேசுகிறான். ஐயனாரிதனார் இரண்டையும் இருவேறு திணைகளில் வைத்தார். இன்றைய விவாதங்களோ இரண்டையும் ஒரு பெயரால் அழைத்துக் குழம்புகின்றன.

பழிப்பும் மறுமொழியும்

'ஆம்ரா' பாடல் கரந்தையில் தொடங்குகிறது என்பதில் ஐயமில்லை. 1841-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றி எழுதிய கட்டுரையில் மெக்காலே வங்காளியரை உடல் நொய்ம்மையும் கோழைமையும் உடையவராகச் சித்திரித்தார். அச்சித்திரம் ஆட்சியாளரின் பொதுக்கருத்தாகப் பின்னர் நிலைபெற்றது. புலியோடு பொருதவர் என்று தத்தர் பாடுவது இப்பழிப்புக்கு மறுமொழி. 1905-ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினைக்குப் பின் அம்மறுமொழி தேவையாகவும் இருந்தது. தமிழ்ப் பெருமிதப் பாடல்களும் இத்தகைய பின்னணியில் எழுந்தவையே. தமிழ் வடமொழியின் கிளை என்னும் கருத்துக்கு எதிராகக் கால்டுவெல் 1856-இல் நிறுவிய முடிவும், 1891-இல் வெளிவந்த மனோன்மணீய நாடகத்தின் வாழ்த்துப் பாடலும் அவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை.

பழித்தவனின் அளவுகோலையே பழிக்கப்பட்டவனும் ஏற்றுக்கொள்ளும்போதுதான் இடர் தோன்றுகிறது. 1901-ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தியவர். அவரது வகைப்பாட்டில் வங்காளியர் 'மங்கோலிய-திராவிடக்' கலப்பினர் ஆயினர். இதனை மறுத்து ரமாபிரசாத் சந்தா 1916-இல் எழுதிய நூல், வங்காளியரின் தலைவடிவம் மங்கோலியரிடமிருந்து வந்ததன்று, மேற்கே பாமீர்ப் பகுதியிலிருந்து வந்த வேறோர் இனத்தின் கொடை என வாதிட்டது. அளவுகோல் பொய்யென்று அவர் கூறவில்லை. அதில் தம்மவர்க்கு உயர்ந்த இடம் வேண்டுமென்றே கூறினார். மங்கோலியரோடும் திராவிடரோடும் தொடர்புடைமை இழிவு என்பது அவ்வாதத்துள் சொல்லப்படாமலே அடங்கியிருக்கிறது.

தமிழறிஞர் வி. கனகசபை 1904-இல் வெளியிட்ட 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' என்னும் ஆங்கில நூலை இதனோடு ஒப்பிட்டால் விந்தையானதொரு காட்சி கிட்டும். தமிழர் மங்கோலிய மரபினர் என்றும், வங்கக் கடற்கரைத் துறைமுகமாகிய தாமிரலிப்தியிலிருந்து தெற்கே வந்தவர் என்றும், அவ்வூர்ப்பெயரே தமிழ் என ஆயிற்று என்றும் அவர் கருதினார். வங்க அறிஞர் மங்கோலியத் தொடர்பைத் துறக்க முயன்ற காலத்துத் தமிழறிஞர் அதனை விரும்பி ஏற்றார். இரு கருத்துகளும் பின்வந்தோரால் கைவிடப்பட்டன. கனகசபையின் நூல் சங்க இலக்கியச் செய்திகளைத் தொகுத்தளித்த வகையில் இன்றும் மதிக்கப்படுகிறது; அவரது தோற்றக் கொள்கையை எவரும் நினைப்பதில்லை. பின்னர்த் தேவநேயப் பாவாணர் குமரிக்கண்டத்தையே மாந்தன் பிறந்தகமாகக் கொண்டபோது மறுமுனைக்குச் சென்றார். வடக்கிலிருந்து வந்தவன் என்பதும் எங்கும் செல்லாது ஈங்கே தோன்றியவன் என்பதும், ஆய்வின் முடிவுகளாக அன்றிப் பெருமையின் தேவைகளாகவே பிறந்தன.

அளவுகோலை மறுத்தவரும் கொல்கத்தாவில் இருந்தனர். பி. சி. மகலனோபிஸ் 1920-களில் வங்கத்து இனக்கலப்பைப் புள்ளியியல் முறையில் ஆய்ந்து, வங்கப் பிராமணர் வடநாட்டுப் பிராமணரை ஒத்திருப்பதைவிட வங்கத்துப் பிற சாதியினரையே மிகுதியும் ஒத்திருக்கின்றனர் என்று காட்டினார். இன்று உலகெங்கும் பயன்படும் 'மகலனோபிஸ் தொலைவு' என்னும் அளவை இத்தகைய ஆய்வுகளிலிருந்தே உருவாயிற்று. மாந்தரைத் தரம்பிரிக்க எடுத்த மூக்களவுகள் இறுதியில் அத்தரப்பிரிப்பையே ஐயுறச் செய்த கணிதத்துக்குத் தீனியாயின. 1920-இல் தொடங்கப்பட்ட கல்கத்தாப் பல்கலைக்கழக மானிடவியல் துறை இன்று பாலிகஞ்ச் வட்டச் சாலை வளாகத்தில்தான் இயங்குகிறது.

அதே பாலிகஞ்சில், இந்துஸ்தான் பார்க்கில், 'சுதர்மா' என்னும் இல்லத்தில் வாழ்ந்தவர் சுனீதிகுமார் சாட்டர்ஜி. வங்கமொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி 1926-இல் அவர் வெளியிட்ட பெருநூல் அம்மொழிக்குக் கிடைத்த பெரும்பேறு. தாகூர் தம் 'சேஷேர் கவிதா' புதினத்தின் நாயகன் கையில் அவரது மொழிநூலைக் கொடுத்து நகையாடியது அப்புகழுக்குச் சான்று. அந்நூல் வங்கமொழிக்கு ஆரியத் தூய்மையைக் கற்பிக்கவில்லை. ஊர்ப்பெயர்களிலும் தொடரமைப்பிலும் திராவிட, கோல் மொழிகளின் அடித்தளத்தைக் காட்டியது. திராவிடர் இந்திய நாகரிகத்துக்கு அளித்த பங்கை 1924-லேயே கட்டுரையாக எழுதியவர் அவர். மங்கோலிய இனத்தாரின் பங்கை 'கிராத-ஜன-க்ருதி' என்னும் தனிநூலாக 1951-இல் எழுதினார். சந்தா மறைக்க முயன்றதைச் சாட்டர்ஜி மரபுச்செல்வமாக எண்ணிக் காட்டினார். ஆட்சிமொழி ஆணையத்தின் உறுப்பினராக இருந்தபோது, 1956-இல் தமிழகத்தின் ப. சுப்பராயனும் அவரும் அறிக்கைக்கு மாறுபட்ட குறிப்புகளை எழுதினர். இந்தி பேசாதோர்மீது இந்தியை விரைந்து புகுத்துவதை எதிர்த்த அக்குறிப்பு, முன்னர் எளிய இந்திக்கு ஆதரவாயிருந்த ஒருவரால் எழுதப்பட்டது என்பதே அதன் வலிமை. தன்மொழிப் பெருமை பிறமொழியாளனின் பெருமையோடு தோள்சேர்ந்து நின்ற இடம் அது.

சாட்டர்ஜியையும் குறையற்றவராகக் காட்டுதல் பொருந்தாது. 1926-இல் கொல்கத்தாவில் அமைந்த 'அகண்ட பாரதக் கழக'த்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. தென்கிழக்காசிய நாடுகளை இந்தியக் குடியேற்றங்களாகக் காணும் அக்கழகத்தாரின் பார்வையில், சாவகத்தாரும் கம்போடியரும் பெறுவோராக மட்டுமே தோன்றுவர். கலப்பைத் தம்மண்ணில் போற்றியவர்கள் கடல் கடந்தபோது கொடையாளியின் பெருமிதத்தை மேற்கொண்டனர். கடாரம் கொண்டதைப் பேசும் தமிழர்க்கு இது புதிதன்று.

இலங்கைக்குச் சென்ற விஜயன்

தத்தரின் பாடலில் கரந்தை வஞ்சியாக மாறும் இடம் விஜயன் பற்றிய அடி. மகாவம்சத்தின்படி விஜயனின் முன்னோருள் வங்க நாட்டு இளவரசி ஒருத்தி உண்டு. அவன் வந்த 'லாலம்' வங்கத்து இராடமா, மேற்கிந்தியாவின் இலாடமா என்பது அறிஞரிடையே தீராத வழக்கு. மேலும், அவன் வென்று செல்லப் புறப்பட்டவனல்லன். தீச்செயல்களுக்காகத் தந்தையால் எழுநூற்றுவரோடு நாடுகடத்தப்பட்டவன். இலங்கையில் தன்னை ஏற்ற குவேணியைக் கைவிட்டு, மதுரைப் பாண்டியன் மகளை மணந்தான் என்றும் அந்நூலே கூறுகிறது. பாடல் இவற்றையெல்லாம் நீக்கி வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டது.

கொல்கத்தாவில் இது பாடல். கொழும்பில் இதே கதை அரசியலாயிற்று. இரண்டுக்கும் இடையே பாலமாய் நின்றவர் அநகாரிக தர்மபாலர். 1891-இல் மகாபோதி சங்கத்தை நிறுவிக் கொல்கத்தாவைத் தம் பணிக்களமாகக் கொண்ட அவர், சிங்களவரை ஆரிய மரபினராகக் கண்டு, அப்பெருமையை முஸ்லிம்களுக்கும் தமிழர்க்கும் எதிரான சொற்களோடு கலந்து பரப்பினார். பிரித்தானியர் சிங்களவரை இழித்தனர் என்பது உண்மை. தர்மபாலரின் தொடக்கமும் மறுமொழியே. ஆனால் அம்மறுமொழியின் சுமை பழித்தவன்மேல் விழாமல் பக்கத்து வீட்டான்மேல் விழுந்தது. 1915-இல் இலங்கையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மூண்டபின் அவர் கொல்கத்தாவிலேயே சில ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டார். 1956-இன் தனிச்சிங்களச் சட்டம், 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகம், 1983-இன் கொலைகள் ஆகியவற்றுக்கு அவர் ஒருவரைப் பொறுப்பாக்குதல் மிகை. ஆனால் அந்நிகழ்வுகளுக்கு மொழி தந்த பெருமிதத்தில் விஜயன் கதைக்கு இடமுண்டு. ஆரியச் சிங்களர் என்னும் எண்ணம் அண்மைக்காலத்தில் உருவான கருத்தியலே என்பதை ஆர். ஏ. எல். எச். குணவர்தன என்னும் சிங்கள வரலாற்றறிஞர் 1979-இல் நிறுவினார். தம் இனத்தாரின் கடுஞ்சொல்லை ஏற்று அவர் எழுதிய அக்கட்டுரையைத் தமிழர் தம் வாதத்துக்குச் சான்றாக மட்டுமன்றித் தமக்கும் உரிய பாடமாகவும் கற்றல் தகும். வங்கப் பாடலின் விஜயனைக் கண்டு முகஞ்சுளிக்கும் தமிழ் வாசகர், முதலாம் இராசேந்திரனின் திருமலைக் கல்வெட்டு வங்காள தேசத்தையும் தக்கண லாடத்தையும் வென்ற நாடுகளாகப் பட்டியலிடுவதைப் பெருமையோடு படிப்பவராகவும் இருப்பார். 'கங்கைகொண்டான்' என்னும் பட்டம் அக்கங்கையின் கரையில் வாழ்வோர் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பது தமிழ் மேடைகளில் கேட்கப்படாத வினா.

வஞ்சிக் காண்டம் சொல்வதும் மேடை சொல்லாததும்

தமிழ்ப் பெருமிதத்தின் உச்சமாக இருபதாம் நூற்றாண்டு மேடைகள் எடுத்தாண்ட காட்சி, கனகவிசயர் தலையில் செங்குட்டுவன் கல்லேற்றியது. தமிழ் மன்னரின் ஆற்றலை அவர்கள் இகழ்ந்தனர் என்பதே படையெடுப்புக்குக் காரணமாகக் காப்பியம் கூறுவது. நன்னூலார் காட்டிய நான்காம் இடம், எதிரி பழித்த காலை, இங்கு அப்படியே பொருந்துகிறது. மேடைப் பேச்சு இவ்விடத்தோடு நின்றுவிடும். இளங்கோ நிற்கவில்லை.

நடுகற் காதையில் காட்சி மாறுகிறது. சிறைப்பட்ட ஆரிய மன்னரைச் சோழ, பாண்டிய வேந்தர்க்குக் காட்டிவருமாறு செங்குட்டுவன் அனுப்புகிறான். அவ்விருவரும் வியக்கவில்லை. போர்க்களத்தில் தோற்றுத் தவக்கோலம் பூண்டு ஓடியவரைப் பிடித்துவந்தது வெற்றியன்று என இகழ்கின்றனர். தமிழ்ப் பெருமையைத் தமிழ் வேந்தரே ஏற்க மறுக்கும் இக்காட்சியைப் பற்றித் திறனாய்வாளர்கள் போதிய அளவு எழுதவில்லை. சினங்கொண்ட செங்குட்டுவனை மாடலன் என்னும் மறையோன் தடுத்து, இளமையும் செல்வமும் நிலையாமை கூறி, அறத்தின்பால் திருப்புகிறான். கனகவிசயர் விடுவிக்கப்பட்டு வேளாவிக்கோ மாளிகையில் விருந்தினராக வைக்கப்படுகின்றனர். வரந்தரு காதையில் கண்ணகி கோயிலின் முன் நிற்போரைக் காப்பியம் எண்ணும்போது, சிறை நீங்கிய அவ்வாரிய மன்னர் முதலிடம் பெறுகின்றனர். குடகக் கொங்கரும் மாளுவ வேந்தரும் உடன் நிற்கின்றனர். இலங்கைக் கயவாகுவும் நிற்கிறான். தத்தம் நாட்டுக்கும் எழுந்தருள வேண்டுமென அவர்கள் வேண்ட, தெய்வம் வரம் தருகிறது. வென்றவனின் தெய்வம் தோற்றவனுக்கும் உரியதாகிறது.

மாடலனை மறையவர் செல்வாக்கின் கருவியாகக் கண்டு, இப்பகுதியைத் தமிழ் வீரத்தின்மேல் வைதிகம் போட்ட கடிவாளமாக விளக்குவோர் உண்டு. வேள்வி செய்யுமாறு அவன் தூண்டுவதால் அவ்விளக்கத்துக்கு ஓரளவு இடமுண்டு. ஆயினும் செங்குட்டுவனை முதலில் மறுத்தவர் மாடலன் அல்லன், சோழனும் பாண்டியனுமே என்பதை அவ்விளக்கம் கணக்கிற் கொள்வதில்லை.

தத்தரின் பாடலும் இவ்வாறே திரும்புகிறது. வெற்றிகளை அடுக்கிவந்த கவிஞர் இறுதியில் மாந்தர் அனைவரையும் ஒன்றிணைக்கும் மந்திரத்தை வழங்கும் கடமையைத் தம் இனத்தார்க்கு வைக்கிறார். இம்முடிவு வஞ்சிக் காண்டத்தின் முடிவளவுக்கு வலிமையானதன்று. அங்கே தோற்றவன் எதிரே நிற்கிறான், தன் வேண்டுகோளைத் தானே உரைக்கிறான். இங்கே அவன் இல்லை. விஜயன் வென்ற இலங்கையிலிருந்து எவரும் வந்து நிற்கவில்லை. இதனினும் துணிவான முடிவைத் தாகூரின் 'கோரா' (1910) தருகிறது. இந்து மரபின் தூய்மைக்காகப் போராடும் நாயகன், தான் 1857 கிளர்ச்சியின்போது இறந்த அயர்லாந்துப் பெற்றோரின் மகன் என அறிகிறான். குருதி விலகியபின்னும் அந்நாட்டின்மேல் அவன் கொண்ட அன்பு விலகவில்லை. திராவிடர் என்னும் சொல்லைக் குருதிச் சோதனையாகக் கொள்ளவில்லை என்று பெரியார் விளக்கியதை இதனோடு சேர்த்து எண்ணலாம். அவர் கோராவைப்போல் மரபை நேசித்தவரல்லர் என்னும் வேறுபாட்டோடுதான்.

இடம் மாறும்போது

ஒரே பெருமிதம் இடம் மாறினால் திணையும் மாறும். 1961 மே 19 அன்று அசாமின் சில்சாரில் வங்கமொழி உரிமைக்காகப் பதினொருவர் உயிர்நீத்தனர், அது கரந்தை. அதே அசாமில் 1836 முதல் 1873 வரை வங்கமொழியே நீதிமன்ற மொழியாக ஆளப்பட்டதை அசாமியர் மறக்கவில்லை. அவர்க்கு அது வஞ்சி. 2024-இல் வங்கமொழி செம்மொழியாக அறிவிக்கப்பட்டபோது எழுந்த மகிழ்ச்சி, 2004-இல் தமிழர் அடைந்ததை ஒத்தது. 2025-இல் தில்லிக் காவல்துறையின் கடிதமொன்று வங்கமொழியை 'வங்கதேச மொழி' எனக் குறித்தபோது எழுந்த சினமோ வேறுவகை. அங்கே மொழிப்பெருமை பேசியவர்கள் புலம்பெயர்ந்த கூலித்தொழிலாளரின் குடியுரிமையைக் காக்கப் பேசினர்.

அத்தொழிலாளருள் பலர் திருப்பூரிலும் சென்னையிலும் உள்ளனர். 'வடக்கன்' என்னும் சொல் அவர்கள்மேல் விழுகிறது. பாஸ்கர் சக்தியின் 'வடக்கன்' என்னும் திரைப்படம் தணிக்கையாளர் மறுப்பினால் 2024-இல் 'ரயில்' எனப் பெயர்மாற்றம் பெற்று வெளிவந்தது. அச்சொல் வசையாகிவிட்டதைத் தணிக்கைக் குழு உணர்ந்திருந்தது; அன்றாடப் பேச்சு உணரவில்லை. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது தமிழர்மேல் சுமத்தப்பட்ட பழி பொய்யானது. அதனை மறுத்து எழுந்த தமிழ்ப் பெருமிதம் முறையானதே. ஆனால் பாலிகஞ்சில் 'மதராஜி' என்றழைக்கப்பட்ட தலைமுறையின் பேரர்கள் தமிழகத்தில் 'வடக்கன்' என்னும் சொல்லைக் கேட்கும்போது அவர்களுக்குள் எழும் கூச்சம் இவ்விவாதத்தில் இடம்பெறவேண்டிய சான்று.

'ஆம்ரா'வைத் தமிழில் பெயர்ப்போர் இறுதிப் பகுதிக்கு 'நாம்' என்பதைத் தயக்கமின்றி இடலாம். புலியும் பாம்பும் வரும் தொடக்கத்துக்கு 'நாங்கள்' பொருந்தும். பழித்தவனை நோக்கிக் கூறியது அது. விஜயன் வரும் அடியில் 'நாம்' என எழுதினால் தமிழ் வாசகன் தன்னையே வென்றவனாவான். 'நாங்கள்' என எழுதினால் அவன் வெல்லப்பட்டோர் பக்கம் நிறுத்தப்படுவான். வங்கமூலம் இவ்விரண்டையும் ஒரு சொல்லுக்குள் மறைத்துக்கொள்கிறது. தமிழ் இலக்கணம் அதற்கு இடந்தருவதில்லை.